வலிக்காத கை

தரணேந்திரன் எப்படித் தரண்ஜி ஆனார் என்பது சுனந்தாவுக்கு நன்றாகவே தெரியும். அவள் கணவன் பாகுபலியின் அண்ணன் அவர். வந்தவாசிப் பக்கத்துச் சமண நயினார் குடும்பம். கூடப் பிறந்தவர்களும் பங்காளிகளும் படித்து வேலைக்குப் போனபோது அவர் மனை விற்கப் போனார். விற்ற மனைகளில் பாதி ஏரிக்குள் இருந்தது வெளியே தெரிந்ததும் ஆள் காணாமல் போனார். திரும்பி வந்தபோது தாடி இருந்தது, வெள்ளை ஜிப்பா இருந்தது, காலில் செருப்பு இல்லை. பேச்சு பாதியாகக் குறைந்து, அந்தப் பாதியும் பெருமூச்சோடு கலந்து வந்தது. செங்கம் சாலையில், ரமணாசிரமத்தைத் தாண்டி ஒரு சந்துக்குள் மாடி வீடு ஒன்றைப் பிடித்து வாசலில் 'நிசப்தம்' என்று பலகை மாட்டினார்.

முதன்முதலில் ஒரு வெள்ளைக்காரி அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டதைப் பார்த்தபோது சுனந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்தடுத்து ஆட்கள் கும்பிடத் தொடங்கிய பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. மலையைப் பார்த்து வந்தவர்கள் இந்த ஆளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே என்று அவர்கள்மேலும் ஓர் இளக்காரம் வந்தது.

தரண்ஜியின் மனைவி ஆரணியில் பள்ளி ஆசிரியை. விடுமுறைக்குக்கூட அவள் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. "அவ தன்னோட பாதையில போறா" என்பார் அவர், கண்ணை மூடிக்கொண்டு. பாதை தெரிந்தவள் என்று சுனந்தா மனதுக்குள் சொல்லிக்கொள்வாள்.

ஆனால் பாகுபலிக்கு அண்ணன் சொல்லே வேதவாக்கு. வேலூர் சாலையில் மோட்டார் பம்ப் விற்கும் கடை வைத்திருந்தான். அண்ணன் சொன்னால் கிணற்றுக்குள் மோட்டாரோடு சேர்ந்து தானும் இறங்கிவிடுவான். வீட்டில் சுனந்தா, தான் 'மாமா' என்று கூப்பிடும் அந்த அண்ணனைப் பற்றி ஏதாவது சொன்னால் அவன் எழுந்துபோய் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டு வருவான். அவனுக்குத் தெரிந்த எதிர்வாதம் அது ஒன்றுதான்.

ஏப்ரல் கடைசியில் பள்ளி மூடியது. மகள் சுருதி ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாள். சுனந்தாவுக்கு மின்வாரிய அலுவலகத்தில் வேலை. விடுப்பு எடுக்கிற காலமில்லை. வெயில் ஏற ஏறத்தான் பாகுபலிக்கு வியாபாரம். பூட்டிய வீட்டில் பிள்ளையைத் தனியாக விட முடியாது. அந்தச் சமயம் பார்த்துத் தரண்ஜி குழந்தைகளுக்கென்று கோடை முகாம் தொடங்கினார். "நம்ம சுருதியும் வரட்டுமே. வீட்டுக் கொழந்த" என்றார். அவர் எதையும் சும்மா சொல்லமாட்டார் என்று சுனந்தாவுக்குத் தெரியும். வேறு வழியில்லாததால் அனுப்பினாள்.

சித்ரா பௌர்ணமி அன்று, மதியச் சாப்பாட்டு நேரத்தில், அலுவலகத்துக்கு பாகுபலியின் போன் வந்தது.

"சுருதி லேசா விழுந்துட்டாளாம். அண்ணன் பாத்துக்கிட்டாராம். கவலப்படாதன்னு சொல்லச் சொன்னாரு."

"எப்ப விழுந்தா?"

"காலைலயாம்."

"காலைல விழுந்தவள இப்பச் சொல்றாரா? நீங்க எங்க இருக்கீங்க?"

"நான் கலசப்பாக்கத்துல மோட்டார் எறக்கினு இருக்கேன். வண்டிய ஊருக்குள்ள விடமாட்றான். எல்லா ரோட்டயும் அடச்சிட்டான்."

சுனந்தா கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஆட்டோ கிடையாது, பஸ் கிடையாது. மலை சுற்ற வந்த லட்சம் பேரோடு லட்சத்து ஒன்றாவது ஆளாகச் செங்கம் சாலையில் நடந்தாள். கத்திரி வெயில். தார் உருகிக் காலில் ஒட்டியது. ஓடவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கூட்டம் போகிற வேகத்தில்தான் போக முடிந்தது.

'நிசப்தம்' வீட்டு மாடியில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து முளைகட்டிய பயறு தின்றுகொண்டிருந்தார்கள். சுருதி மூலையில் ஒரு பாயில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். வலது கையில் மஞ்சளைப் பூசி வாழையிலையைச் சுற்றியிருந்தார்கள். உதடு நடுங்கிக்கொண்டிருந்தது.

"சத்தம் போடாத சுனந்தா" என்றார் தரண்ஜி, தானே எழுந்து வந்து. "அவ ரொம்ப ஆழத்துல இருக்கா."

ஆழத்தில் இருந்த பிள்ளை அம்மாவின் குரல் கேட்டதும் கண்ணைத் திறந்தது. "அம்மா, வலிக்குது. பெரியப்பா கண்ணத் தொறக்கக் கூடாதுன்னாரு."

சுனந்தா இலையைப் பிரித்தாள். மணிக்கட்டு வீங்கி, கரண்டியின் கழுத்துபோல வளைந்து கிடந்தது.

"மாமா, இது உடஞ்சிருக்கு."

"உடஞ்சிருக்குன்னு நீ நெனச்சா உடஞ்சிருக்கும்" என்றார் அவர். "ஒடம்புக்குன்னு ஒரு அறிவு இருக்கும்மா. அத நாம தொந்தரவு பண்ணக் கூடாது."

எறும்புக்கும் தீங்கு நினைக்காத குலத்தில் பிறந்தவள் சுனந்தா. அப்படிப் பிறந்ததற்காக அவள் வருத்தப்பட்டது அந்த ஒரு நிமிஷம்தான். சுற்றிலும் பார்த்தாள். சுவரோரம் முகாமின் விளம்பர அட்டைகள் அடுக்கியிருந்தன. தடித்த, பளபளப்பான அட்டை, ஒவ்வொன்றிலும் தரண்ஜியின் கண் மூடிய முகம். அதில் ஒன்றை எடுத்துச் சுருட்டி, மகளின் முன்கைக்கு அணைவாக வைத்தாள்.

"அந்தத் துண்டக் குடுங்க."

"இது ரிஷிகேஷ்ல ஒருத்தர் எனக்குப் போர்த்தின..."

"குடுங்க மாமா."

தோளிலிருந்து அவளே உருவிக்கொண்டாள். கையைக் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

எலும்பு மருத்துவமனை ஊருக்குள் இருந்தது. ஊர் முழுக்க மலையை வலம் வந்துகொண்டிருக்க, அவள் மட்டும் இடமாகப் போக வேண்டியிருந்தது. எதிரே வந்தவர்கள் திட்டினார்கள். "எதிர்ல வராதம்மா, பாவம் சுத்திக்கும்!" என்றார் ஒருவர், சுருதியின் கையை இடித்துக்கொண்டே. ஒரு அம்மாள் நின்று விசாரித்தாள்: "இன்னாச்சு கொழந்தைக்கு? முட்ட வெள்ளக்கரு, உளுத்த மாவு வச்சுக் கட்டு. ஆஸ்பத்திரிக்குப் போனா கைய வாங்கிடுவான்." முட்டை வாசனையே வீட்டுக்குள் வந்ததில்லை என்று அவளிடம் விளக்க நேரமில்லை. புண்ணியம் தேடி வெறுங்காலில் நடக்கிற இத்தனை பேரில் ஒருவருக்கும் ஒரு பிள்ளைக்காக அரை அடி ஒதுங்கத் தோன்றவில்லையே என்று சுனந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் ஒதுக்கிவிட்டவன் பக்தனே இல்லை. இலவசமாக மோர் ஊற்றிக்கொண்டிருந்த பந்தலில் வேலைக்கு நின்ற ஓர் ஆள், சுருதியின் வாயருகே தம்ளரைப் பிடித்துக் குடிக்க வைத்துவிட்டு, முன்னால் நடந்து "வழி வுடு, வழி வுடு, அடிபட்ட கொழந்த!" என்று கத்திக்கொண்டே தேரடி வரை கொண்டுவந்து விட்டான்.

மருத்துவர் படம் எடுத்துப் பார்த்தார். மணிக்கட்டில் இரண்டு எலும்பும் உடைந்திருந்தன.

"எப்ப விழுந்தா?"

"காலைல."

"அப்புறம் இவ்ளோ நேரம் என்ன பண்ணீங்க?"

"தியானத்துல இருந்தா டாக்டர்" என்றாள் சுனந்தா.

அவர் நிமிர்ந்து பார்த்தார். மயக்க மருந்து கொடுத்து, எலும்பை இழுத்து நேராக்கி, முழங்கைக்கு மேல் வரை மாவுக்கட்டுப் போட்டார்.

மயக்கம் தெளிந்த பிறகு எப்படி விழுந்தாள் என்று கேட்டபோது, "செவுத்து மேல இருந்து விழுந்துட்டேன்" என்று மட்டும் சொன்னாள் சுருதி. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதன் பிறகு வந்தது கட்டோடு கூடிய கத்திரி. கட்டுக்குள் வியர்த்தது, வியர்த்தால் அரித்தது, அரித்தால் சுருதி வீட்டையே இரண்டாக்கினாள். ஸ்கேலை உள்ளே விட்டுச் சொறியக் கூடாது என்று மருத்துவர் கண்டித்துச் சொல்லியிருந்தார். பாகுபலி கடையிலிருந்து மோட்டார் தூசு ஊதும் ப்ளோயரைக் கொண்டுவந்து கட்டின் வாய்க்குள் காற்றை ஊதினான். அது உருப்படியான யோசனை என்பதைச் சுனந்தா ஒத்துக்கொள்ளவில்லை என்றாலும் தடுக்கவில்லை. பம்ப் சுற்றி வருகிற பாலித்தீன் உறையைக் கையில் மாட்டி, வாயை ரப்பர் பட்டையால் கட்டித்தான் குளியல். தலை பின்னவும் பல் விளக்கவும் பாவாடை நாடா கட்டவும் ஆள் வேண்டும். இடது கையால் சோறு அள்ளத் தெரியாமல் பிள்ளை தட்டைத் தள்ளிவிட்டு அழும். தெருப் பிள்ளைகள் வாசலில் விளையாடும் சத்தம் கேட்டால் இன்னும் அழும்.

அலுவலகத்தில் கெஞ்சி அரை நாள், அரை நாளாக விடுப்பு வாங்கினாள் சுனந்தா. மீதி நேரம் எதிர்வீட்டுக் காசியம்மாள் வந்து உட்கார்ந்தாள். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் தங்கள் வீட்டில் யாரோ எப்போதோ கையை உடைத்துக்கொண்ட கதையைச் சொன்னார்கள். எல்லாக் கதையிலும் எலும்பு கோணலாகத்தான் கூடியது. சொல்லிவிட்டு, வைத்த பழத்தில் தாங்களே ஒன்றை உரித்துத் தின்றுவிட்டுப் போனார்கள்.

தரண்ஜி வரவில்லை. மணியோசையும் தன் மூச்சும் கலந்த குரல்பதிவுகளை வாட்ஸ்ஆப்பில் அனுப்பிக்கொண்டிருந்தார். பாகுபலி அதைப் பிள்ளையின் காதருகே பயபக்தியோடு வைத்தான். சுருதி ஒரு நிமிஷம் கேட்டாள். "அப்பா, பெரியப்பாவுக்கு சளியா?" என்றாள்.

கட்டுப் போட்டு இரண்டு வாரம் இருக்கும். அலுவலகத்தில் பக்கத்து இருக்கை ராணியம்மாள் தன் போனை நீட்டினாள். "சுனந்தா, இது உங்க பொண்ணுதானே? என் நாத்தனார் அனுப்பியிருக்கா. ஊரே பாக்குது."

சுருதிதான். மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் ஒற்றைக் காலில், கை இரண்டையும் தலைக்கு மேல் கூப்பி நின்றாள், பின்னால் மலை. அடுத்த காட்சியில் வாழையிலை சுற்றிய கையோடு கண் மூடி உட்கார்ந்திருந்தாள். நடுங்குகிற உதட்டை மறைக்கத் தோதாக அதன் மேல் எழுத்து ஓடியது: 'வலியை வென்ற குழந்தை'. பின்னணியில் தரண்ஜியின் குரல், எலும்பு உடைந்த பிள்ளை தன் மூச்சுப் பயிற்சியால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்றும், மருந்தில்லாமல் தன் பராமரிப்பில் குணமாகிவருகிறாள் என்றும் சொல்லியது.

சுனந்தா போனைத் திருப்பிக் கொடுத்தாள். அவளுக்கு ஆத்திரம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. செருப்பில் எதையோ மிதித்துவிட்டது போன்ற அருவருப்புத்தான் வந்தது.

வீட்டுக்குப் போய், மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே கேட்டாள். "செவுத்து மேல யார் ஏறச் சொன்னது?"

சுருதி கட்டின் ஓரத்து நூலைப் பிய்த்தாள். பிறகு சொன்னாள்: "பெரியப்பாதான். மொதல்லயே நல்லா நின்னேன்மா. வெளிச்சம் சரியா வரல, இன்னொரு தடவ நில்லுன்னாரு. அப்புறமும் இன்னொரு தடவைன்னாரு. காலு நடுங்குச்சு. நல்லவேள, உள்பக்கமா விழுந்தேன். யாருகிட்டயும் சொல்லாத, சொன்னா அம்மா அனுப்பமாட்டா, அப்பாவுக்கும் அவருக்கும் சண்ட வந்துடும்னாரு."

உள்பக்கமாக. வெளிப்பக்கம் இரண்டு மாடி. கதவோரம் நின்ற பாகுபலியும் கேட்டுக்கொண்டிருந்தான். முகம் சுண்டிப்போயிருந்தது. "நான் போய்க் கேக்கறேன்" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தான்.

"கேட்டீங்களா?"

"போனேன். உக்காருன்னாரு. ஏதோ பச்ச டீ குடுத்தாரு."

"அப்புறம்?"

"குடிச்சேன்." அவன் தலை குனிந்துகொண்டான். "அவரு பேச ஆரம்பிச்சா எனக்கு வாய் வரல சுனந்தா."

பதினோரு வருஷக் குடித்தனத்தில் அவனை அவ்வளவு மட்டமாக அவள் பார்த்ததில்லை. திட்டக்கூட ஒரு ஆள் வேண்டுமே என்று விட்டுவிட்டாள். மறுநாளிலிருந்து முழு விடுப்புக்கு எழுதிக் கொடுத்தாள்.

காலையில் பாய், குடை, தண்ணீர்க் குடம், விசிறி சகிதம் சுருதியைக் கூட்டிக்கொண்டு 'நிசப்தம்' வீட்டுக்குப் போனாள். முகாமின் இரண்டாவது அணி தொடங்கியிருந்தது. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்து அறை எடுத்துத் தங்கியிருந்தவர்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்டுக்கு உள்ளே, எல்லோரும் தாண்டித்தான் போக வேண்டிய இடத்தில், சுனந்தா பாயை விரித்தாள்.

தரண்ஜி இறங்கி வந்தார். "என்ன சுனந்தா இது?"

"சுருதி உங்க பராமரிப்புல இருக்கான்னு ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கீங்க. அது பொய்யாயிடக் கூடாது பாருங்க. பராமரிங்க மாமா."

சுற்றிலும் ஆட்கள். அவரால் குரலை உயர்த்த முடியாது. குரலை உயர்த்தாததுதான் அவர் தொழில். "அன்புதான் எல்லாத்துக்கும் மருந்து" என்று பொதுவாகக் காற்றுக்குச் சொல்லிவிட்டு மேலே போனார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு சென்னை அம்மா நின்றாள். "அந்த வீடியோல வர்ற பாப்பாதானே நீ? வலிக்கவே இல்லையாமே! கிரேட்!"

சுருதி அம்மாவைப் பார்த்தாள். சுனந்தா விசிறிக்கொண்டிருந்தாள்.

"வலிச்சுது ஆன்ட்டி" என்றாள் சுருதி. "ரொம்ப வலிச்சுது. ஒன்னுக்குப் போகணும்னு சொன்னேன். வீடியோ முடியட்டும்னாரு."

அந்த அம்மா தன் பையனின் கையைப் பிடித்தாள். பிடித்த கையை விடாமலே மெல்லப் பின்வாங்கிக் கேட்டுக்கு வெளியே போனாள்.

முதலில் வந்தவர்களுக்குச் சுருதி இரண்டே வாக்கியத்தில் சொன்னாள். போகப் போக அவளுக்கே ருசி பிடித்துவிட்டது. எந்தச் சுவர், எவ்வளவு உயரம், கால் எப்படி நடுங்கியது என்று கட்டுக் கையை நீட்டி நீட்டிக் காட்டினாள். விடுமுறையில் அவள் அழாமல் கழித்த முதல் நாள் அது. பாகுபலி மதியச் சாப்பாட்டைக் கொண்டுவந்து, கேட்டுக்கு வெளியிலேயே வைத்துவிட்டுத் திருடனைப் போல நழுவினான்.

மறுநாளும் போனார்கள். மாடியில் பிள்ளைகள் பாதிதான் இருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் வயதான வெள்ளைக்காரர் ஒருவர் இறங்கிவந்து, கட்டைக் காட்டி ஏதோ கேட்டார். சுருதி தமிழில் பொரிந்து தள்ள, அவருக்குப் புரியவில்லை. தூக்குவாளியோடு கேட்டுக்கு வெளியே நின்ற பாகுபலி தயங்கித் தயங்கி உள்ளே வந்தான். சுவரைக் காட்டினான், விழுவது போலக் கையைச் சாய்த்தான். "மை டாட்டர். வீடியோ டேக்கிங், ஃபால். வெரி வெரி பெயின்" என்றான். வெள்ளைக்காரர் மாடியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மேலே போய்த் தன் பையை எடுத்துக்கொண்டு வந்து, பாகுபலியின் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் தரண்ஜி பாயருகே குந்தினார். நெற்றியில் வியர்வை. "கோபம் உன்னத்தான் எரிக்கும் சுனந்தா."

"எனக்குக் கோபமெல்லாம் இல்ல மாமா. கோபப்படற அளவுக்கு நீங்க ஒன்னும் இல்ல. வீடியோவ எடுங்க, நான் எழுந்து போறேன்."

அங்கேயே போனை எடுத்து அழித்தார். அடுத்த வாரம் அவர் மௌன விரதத்தில் இருப்பதாகக் கேட்டில் அட்டை தொங்கியது. அவர் இந்த ஊருக்குச் செய்த முதல் உபகாரம் அது என்று சுனந்தா காசியம்மாளிடம் சொன்னாள்.

பள்ளி திறக்கும் சமயத்தில் கட்டைப் பிரித்தார்கள். உள்ளிருந்து வந்த கை சுருதிக்கே பிடிக்கவில்லை. மெலிந்து, வெளுத்து, தோல் உரிந்து, ஊறிப்போன அப்பளம் போல இருந்தது. எலும்பு நேராகத்தான் கூடியிருந்தது. விரலை மடக்கத்தான் வலித்தது. கோதுமை மாவு உருண்டையைப் பிசையச் சொல்லியிருந்தார் மருத்துவர். முகத்தைச் சுளித்துக்கொண்டே பிசைவாள்.

அப்படிப் பிசைந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தரண்ஜி வீட்டுக்கு வந்தார். கையில் ஆப்பிள் பை. மௌனம் முடிந்திருந்தது. கூடத்தில் சுருதிக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"கொழந்த, உன்கிட்ட மன்னிப்புக் கேக்க வந்திருக்கேன்" என்று ஆரம்பித்தார். மன்னிப்பு என்பது ஒரு நதி என்றார். குழந்தைகள்தான் நமக்குக் குரு என்றார். நல்ல குரல் அவருக்கு. சமையலறை வாசலில் நின்ற சுனந்தாவே ஒரு கணம் அசந்துபோனாள். அப்புறம்தான் பார்த்தாள். ஜிப்பாவின் மேல்பையில் போன் நிமிர்ந்து நின்றது. அதன் கண் பைக்கு மேலே எட்டி, நேராகச் சுருதியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சுனந்தா வாயைத் திறப்பதற்குள் பாகுபலி எழுந்தான். அண்ணனிடம் போனான். அவர் ஜிப்பாப் பையில் விரலை விட்டுப் போனை எடுத்தான். திரையில் சிவப்புப் புள்ளி ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைத்து, ஃப்ரிட்ஜின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து, பழையபடி நாற்காலியில் உட்கார்ந்தான்.

"இப்பச் சொல்லுண்ணா" என்றான்.

தரண்ஜியின் நதி எங்கேயோ வற்றிவிட்டது. ஃப்ரிட்ஜைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். கடைசியில் பிள்ளையின் கையைப் பார்த்தார். பார்த்ததும் முகம் என்னவோ ஆனது. அந்தக் கையை அவர் உண்மையில் பார்ப்பது அப்போதுதான் என்று சுனந்தாவுக்குத் தோன்றியது.

"வலிக்குதா?" என்றார். மூச்சு எதுவும் கலக்காத, சாதாரண வந்தவாசிக் குரல்.

"மடக்கினா வலிக்குது பெரியப்பா" என்றாள் சுருதி.

அவர் தலையாட்டினார். எழுந்து, போனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் திருந்திவிட்டார் என்று சுனந்தா நம்பவில்லை. நவராத்திரிக்குள் வேறு பலகை மாட்டிவிடுவார், பந்தயமே கட்டலாம். ஆனால் பாகுபலி ஆப்பிளை நறுக்கிக்கொண்டு வந்து வைத்தபோது, அவன் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாள். குல வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தட்டு வைத்தாள். சுருதி வலது கையால் ஒரு கவளம் அள்ளினாள். பாதி கொட்டியது. மீதியைத் தின்றாள்.